ரேடார் டிடெக்டரும் போலீஸ் வேக அளவீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீட் கன் ஒரு வண்டியின் வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரேடார் கன் ஒரே அதிர்வெண்ணில் நுண்ணலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியிருக்கும், விலகிப்போகும் வண்டியிலிருந்து வருவது சற்றுக் குறைந்திருக்கும். ரயில் நெருங்கும்போது ஹார்ன் கீச்சென்றும் கடந்தபின் தணிந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணினால் வேகம் கிடைத்துவிடும்.

கே பேண்ட் என்று சொல்லப்படும் 24.15 கிகாஹெர்ட்ஸில் மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 44.7 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வரும். 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஏறக்குறைய 4,475 ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்தான் இது இருக்கிறது. அதனால்தான் பல கருவிகளில் ஒலிபெருக்கி வைத்து அந்தச் சத்தத்தையே காவலருக்குக் கேட்க விடுகிறார்கள். பழைய எக்ஸ் பேண்ட் கருவிகள் 10.525 கிகாஹெர்ட்ஸில் இயங்கின. கே-ஏ பேண்ட் கருவிகள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன.

கருவி காட்டும் எண்ணை நம்பலாமா?

எண்ணை நம்பலாம். அந்த எண் உங்கள் வண்டியுடையதுதானா என்பதில்தான் சந்தேகம் வர வேண்டும். கருவியின் அலைவரிசை அனுமதிக்கப்பட்ட 100 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் விலகிப்போனால்கூட 100 கிலோமீட்டருக்கு 0.4 கிலோமீட்டர்தான் பிழை வரும். 80-இல் போன வண்டியை 120 என்று காட்டும் அளவுக்கு மின்னணுச் சுற்று தடம் புரள்வது அபூர்வம். அப்படிப்பட்ட வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு வண்டியின் வேகமோ தவறான இயக்க முறையோதான் உள்ளே இருக்கும்.

வேறொரு வண்டியின் வேகம் எப்படி என் தலையில் விழும்?

ரேடார் கற்றை டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே போகும். 12 பாகை அகலமுள்ள கற்றை 100 மீட்டர் தொலைவில் 21 மீட்டர் அகலம் ஆகிவிடும், 300 மீட்டரில் 63 மீட்டர். ஒரு தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர் என்று வையுங்கள். சாலை முழுவதும், எதிர்த்திசைத் தடங்களும், பக்கச் சாலையும் எல்லாமே கற்றைக்குள் வந்துவிடுகின்றன. கன்னை எந்த வண்டியைப் பார்த்து நீட்டினார் என்பது அந்தத் தொலைவில் பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை.

இத்தனை எதிரொலிகளில் பழைய கருவிகள் வலுவானதை மட்டும் காட்டும். வலுவானது என்றால் அருகில் இருப்பது என்று பொருளல்ல. எதிரொலியின் வலு தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும், அதாவது தொலைவு இரட்டித்தால் 16-இல் ஒரு பங்காகும். உங்கள் வண்டியைவிட 16 மடங்கு அதிகமாக அலையைத் திருப்பும் லாரி உங்களுக்கு இரட்டைத் தொலைவில் வந்தாலும் சமமான எதிரொலி தரும். முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் தட்டையான முகப்புள்ள கன்டெய்னர் லாரி வந்தால் திரையில் தெரிவது லாரியின் வேகமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். புதிய கருவிகளில் வலுவான எதிரொலிக்கும் வேகமான எதிரொலிக்கும் தனித்தனி எண் வரும், வரும் வண்டியா போகும் வண்டியா என்றும் பிரிக்கும். எந்த எண் எந்த வண்டிக்கு என்று முடிவு செய்வது அப்போதும் மனிதர்தான்.

காவலர் இதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் கண்ணால் பார்த்து, அந்த வண்டி வரம்பை மீறுகிறது என்று தானாக ஒரு மதிப்பீட்டுக்கு வர வேண்டும். பிறகு கருவியை இயக்கி, ஒலி நடுங்காமல் சீராக இருக்கிறதா என்று சில விநாடிகள் கேட்க வேண்டும். எண்ணும் கண் மதிப்பீடும் ஒத்துப்போக வேண்டும். வண்டி கற்றையை விட்டு விலகும்போது எண்ணும் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகே லாக், அதாவது எண்ணைத் திரையில் நிலைநிறுத்துவது. வரம்பைத் தாண்டிய எண் வந்தவுடன் தானே லாக் ஆகும் வசதி ஒருகாலத்தில் விற்பனைக்கான பெருமையாக இருந்தது. மேலே சொன்ன அத்தனை படிகளையும் அது தாண்டிக் குதித்துவிடும் என்பதால் பயிற்சியாளர்கள் அதைக் கைவிடச் சொன்னார்கள்.

சாலையோரம் சாய்வான கோணத்தில் நின்று அளந்தால் வேகம் கூடித் தெரியுமா?

குறைந்துதான் தெரியும். கருவி தன்னை நோக்கி வரும் வேகக்கூறை மட்டுமே பார்க்கிறது. உண்மை வேகம் 100 என்றால் 10 பாகைக் கோணத்தில் 98.5, 20 பாகையில் 94, 30 பாகையில் 86.6 என்று காட்டும். நின்ற இடத்திலிருந்து அளக்கும் கையடக்கக் கருவியில் இந்தக் கொசைன் பிழை எப்போதும் ஓட்டுநருக்கே சாதகம். “வளைவில் நின்று பிடித்தார், அதனால் தவறு” என்ற வாதம் எடுபடாததற்கு இதுதான் காரணம்.

நிலையாகப் பொருத்திய கேமரா ரேடார்கள் விதிவிலக்கு. அவை குறிப்பிட்ட கோணத்தில் சாலையைக் குறுக்காகப் பார்த்து, குறையும் பங்கைத் தாமே கூட்டிக்கொள்ளும். கம்பமோ பெட்டியோ சில பாகை திரும்பிவிட்டால் அந்தக் கூட்டலே பிழையாகும். அங்கே பிழை இருபுறமும் வரலாம்.

ஓடும் ரோந்து வண்டியிலிருந்து அளப்பது எவ்வளவு சரி?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். ஓடும் முறையில் கருவி இரண்டு எதிரொலிகளை எடுக்கிறது. தரையிலிருந்து வருவது ரோந்து வண்டியின் சொந்த வேகம். எதிரே வரும் வண்டியிலிருந்து வருவது இரண்டும் நெருங்கும் கூட்டு வேகம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எதிர் வண்டியின் வேகம். முதலாவது எண் எவ்வளவு குறைவாகப் பதிகிறதோ, அதே அளவு உங்கள் வேகம் ஏறிவிடும்.

ரோந்து வண்டி 90-இல் போகிறது. அதன் முன்னால் அதே திசையில் ஒரு லாரி 60-இல் போகிறது. தரைக்குப் பதிலாக லாரியின் பெரிய பின்கதவைக் கருவி பிடித்துக்கொண்டால், தெரியும் வித்தியாசம் 30. “நான் 30-இல் போகிறேன்” என்று கருவி எடுத்துக்கொள்கிறது. எதிரே நீங்கள் 80-இல் வருகிறீர்கள், கூட்டு வேகம் 170. 170-இல் 30 போனால் 140. வரம்புக்குள் வந்த வண்டிக்கு 140! நிழல் பிழை என்று இதைச் சொல்வார்கள். பிடிக்கும் வழி எளிது. லாக் ஆன நொடியில் கருவி காட்டிய ரோந்து வேகமும் ரோந்து வண்டியின் ஸ்பீடோமீட்டரும் ஒத்திருந்தனவா என்று ஒப்பிட வேண்டும். காவலர் அதைப் பார்த்துக் குறித்திருக்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

ரோந்து வண்டி சட்டென்று வேகம் கூட்டும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ இரண்டு எண்களும் ஒரே கணத்தில் புதுப்பிக்கப்படாவிட்டால் சிறு பிழை வரும். சீரான வேகத்தில் ஓட்டியபடி அளந்தால் அது எழாது.

மரம் ஓடுவதாக ரேடார் காட்டியது என்பது உண்மையா?

உண்மை. 1979-இல் அமெரிக்காவின் மயாமியில் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பனை வகை மரம் மணிக்கு 86 மைல் வேகத்திலும் ஒரு வீடு 28 மைல் வேகத்திலும் ‘பிடிபட்டன’. அதே ஆண்டு அங்குள்ள நீதிமன்றம் ரேடார் சான்றை ஏற்க மறுத்தது. அதன்பிறகே கருவிகளின் தரத்தையும் காவலர் பயிற்சியையும் அமெரிக்கா தீவிரமாக ஆராயத் தொடங்கியது.

எதிரே நகரும் பொருள் ஏதும் இல்லாதபோது கருவி தன் உணர்திறனை உச்சத்துக்குக் கொண்டுபோகும். அந்த நிலையில் மிகச் சிறிய சமிக்ஞைகூட எண்ணாகிவிடும். டாஷ்போர்டுக்குள் சுழலும் ஏசி விசிறி, பக்கத்தில் பேசப்படும் வயர்லெஸ், உயர் அழுத்த மின்கம்பி போன்றவை இப்படிப் பொய் எண் தரும். விசிறியின் வேகத்தை மாற்றினால் எண்ணும் கூடவே மாறினால் அது விசிறிதான். உண்மையான வண்டி கற்றைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் இந்தப் பொய் எண் அமுங்கிவிடும். எனவே மரக் கதையை மட்டும் வைத்து வழக்கை வெல்ல முடியாது.

லேசர் கன்னில் இந்தச் சிக்கல்கள் இல்லையா?

வண்டியை அடையாளம் காணும் சிக்கல் பெருமளவு இல்லை. கற்றை 3 மில்லிரேடியன் விரிவதாகக் கொண்டால் 300 மீட்டரில் அதன் அகலம் 90 சென்டிமீட்டர்தான். 1,000 மீட்டரில் 3 மீட்டர் ஆகும். அவ்வளவு தூரத்தில், நெரிசலில், பக்கத்து வண்டியும் சேர வாய்ப்புண்டு.

லேசர் டாப்ளரை அளப்பதில்லை, தூரத்தை அளக்கிறது. சுமார் 905 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தில் 1 நானோ விநாடி என்பது 15 சென்டிமீட்டர் தூரம். நொடிக்கு நூற்றுக்கணக்கான துடிப்புகளை அனுப்பி, தூரம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும். முழு வேலையும் அரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

அதன் பலவீனமும் அங்கேதான். அளக்கும் 0.3 விநாடியில் கை நகர்ந்து, குறி முன்கண்ணாடியிலிருந்து நம்பர் பிளேட்டுக்கு இறங்கியது என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை மீட்டர் இருக்கலாம். வண்டி ஒன்றரை மீட்டர் கூடுதலாக முன்னேறியதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். 1.5-ஐ 0.3-ஆல் வகுத்தால் நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர். தூரங்கள் சீரான கோட்டில் அமையாவிட்டால் எண் தராமல் பிழைக்குறி காட்டும் சோதனை கருவிக்குள் இருக்கிறது, பெரும்பாலான கைநடுக்கம் அதில் வடிகட்டப்பட்டுவிடும். சீராக வழுக்கும் நகர்வுதான் சில நேரம் தப்பிவிடும். முக்காலியில் வைத்து நம்பர் பிளேட்டைக் குறிவைத்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இசைக்கவைச் சோதனை என்கிறார்களே, அது என்ன?

பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே இசைக்கவைதான். மரத்திலோ ரப்பரிலோ தட்டி, ஆன்டெனாவுக்கு முன் சில சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், கவையில் பொறித்த வேகத்தைக் கருவி காட்ட வேண்டும். 1 கிலோமீட்டர் இப்படியோ அப்படியோ போகலாம். உலோகத்தில் தட்டினால் கவை சேதமாகி அதிர்வெண் மாறும். கே பேண்டில் 50 கிலோமீட்டருக்கான கவை 2,237 ஹெர்ட்ஸில் அதிரும். அதையே எக்ஸ் பேண்ட் கருவிமுன் பிடித்தால் 115 காட்டும். எனவே கவையும் கருவியும் ஜோடி சேர்ந்தவைதானா என்பதைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ஓடும் முறைக்கு இரண்டு கவைகளை ஒன்றாகப் பிடிக்க வேண்டும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கருவி எண்ணுவது சரியா என்பதை மட்டுமே இசைக்கவை சோதிக்கிறது. கருவி அனுப்பும் அலையின் அதிர்வெண் சரியா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் அதிர்வெண் மானி வைத்துச் செய்யும் குறித்த காலச் சரிபார்ப்புதான் வழி. இரண்டு ஆவணங்களும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

லேசருக்குக் கவை இல்லை. நாடா பிடித்து அளந்து வைத்த தூரத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு குறிபார்க்கும் கண்ணாடியை ஒரு கம்பத்தின் குறுக்கே இடவலமாகவும் மேல்கீழாகவும் நகர்த்தி, குறி கம்பத்தில் படும் இடத்திலேயே ஒலி மாறுகிறதா என்று கேட்பார்கள்.

கேமரா அனுப்பிய படத்தை நானே சரிபார்க்க முடியுமா?

இரண்டு படங்களும் சாலையில் வெள்ளைக் கோடுகளும் இருந்தால் முடியும். படங்களுக்கு இடையே 0.5 விநாடி, கோடுகளுக்கு இடையே 2 மீட்டர் என்று ஆவணம் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை இரண்டு படத்திலும் குறியுங்கள். 7 கோடு இடைவெளி நகர்ந்திருந்தால் 14 மீட்டர். 0.5 விநாடியில் 14 மீட்டர் என்றால் நொடிக்கு 28 மீட்டர், மணிக்கு 100.8 கிலோமீட்டர். கூரையையோ கண்ணாடியையோ குறித்தால் பார்வைக் கோணத்தால் கணக்கு கெடும். சக்கரத்தின் அடியை மட்டும் எடுங்கள்.

இது வெட்டி வேலை அல்ல. 2012-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 25 மைல் வரம்புள்ள சாலையில் 38 மைல் வேகம் என்று அபராதம் வந்த ஒரு காரின் இரண்டு படங்களிலும் அது அசையாமல் நின்றிருந்தது. மறு ஆண்டே அந்த நகரின் கேமராக்கள் நிறுத்தப்பட்டன.

ஸ்டாப்வாட்ச் முறை?

அளந்து வைத்த தூரத்தை வண்டி கடக்கும் நேரத்தைக் கையால் எடுக்கும் முறை இது. தூரம் குறையக் குறைய மோசமாகும். 200 மீட்டரை 100 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 7.2 விநாடி. பொத்தானை அழுத்துவதில் 0.3 விநாடி போனால் 104 என்று வரும். 50 மீட்டரில் அதே 0.3 விநாடிப் பிழை 120 ஆக்கிவிடும். இரு முனைகளிலும் கேமரா வைத்து நம்பர் பிளேட்டைப் படிக்கும் சராசரி வேகக் கண்காணிப்பும் இதே கணக்குத்தான். ஆனால் அங்கே தூரம் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும், நேரத்தைப் பிடிப்பதும் மனித விரல் அல்ல. அதனால் பிழை மிகச் சிறியது.

என் ஸ்பீடோமீட்டர் குறைவாகத்தான் காட்டியது. அதைச் சொல்லலாமா?

சொன்னால் உங்களுக்கே பாதகமாகலாம். ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குமுறையைப் பின்பற்றும் வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக 10 சதவீதமும் 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். எனவே உங்கள் முள் 100 என்றால் உண்மை வேகம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். நிர்ணயித்ததைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் மட்டும் கதை மாறும். ஜிபிஎஸ் பதிவு சீரான வேகத்தில் நல்ல சான்று. பிரேக் பிடித்த நொடிகளில் சற்றுப் பின்தங்கும்.

ரேடார் டிடெக்டர் எப்படி முன்கூட்டியே எச்சரிக்கிறது?

டிடெக்டர் என்பது காவலரின் ரேடார் அலையைப் பிடித்து ஓட்டுநரை எச்சரிக்க வண்டிக்குள் வைக்கும் கருவி. ரேடார் கன்னுக்கு அலை போய்த் திரும்பி வர வேண்டும். டிடெக்டருக்கு ஒருவழிப் பயணம் போதும். தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் எதிரொலியை நம்பி கன் வேலை செய்கிறது, இரண்டாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் நேரடி அலையை டிடெக்டர் பிடிக்கிறது. நேர்சாலையில் கன் உங்களை அளக்க முடியாத தூரத்திலேயே டிடெக்டர் கூவத் தொடங்குவது இதனால்தான்.

பிறகு ஏன் டிடெக்டர் வைத்திருந்தும் மாட்டுகிறார்கள்?

காவலர் கன்னை அணைத்தே வைத்திருந்து, நீங்கள் அருகில் வந்ததும் விசையை அழுத்துகிறார். ஒரு விநாடிக்குள் எண் வந்துவிடும். டிடெக்டரும் கூவும், ஆனால் அது எச்சரிக்கை அல்ல, தகவல். உங்களுக்கு முன்னால் போகும் வண்டியை அளந்தபோது சிதறி வந்த அலையைப் பிடித்தால் உண்டு. காலியான சாலையில் தனியாகப் போகிறவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

லேசருக்கு நிலைமை இன்னும் மோசம். அந்தக் குறுகிய கற்றை உங்கள் முன்கண்ணாடி உயரத்தில் பட்டால்தான் டிடெக்டருக்குத் தெரியும், பட்டிருந்தால் வேகமும் பதிவாகியிருக்கும். வண்டி கடப்பதை உணர சாலைக்குள் புதைத்த கம்பிச்சுருள், ஸ்டாப்வாட்ச், சராசரி வேகக் கேமரா ஆகியவை டிடெக்டர் பிடிக்கும் அலை எதையும் அனுப்புவதில்லை. குறைந்த சக்தியில் சாலைக்குக் குறுக்காகப் பார்க்கும் கேமரா ரேடார்களைப் பல டிடெக்டர்கள் கேமராவுக்கு மிக அருகில்தான் உணர்கின்றன.

சும்மா சும்மா கூவுகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. கடை வாசலின் தானியங்கிக் கதவும், பக்கத்து காரில் கண்ணாடியில் தெரியாத வண்டியை எச்சரிக்கும் பழைய வகைக் குருட்டுமுனை உணரியும் அதே 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே இயங்குகின்றன. கதவு ஒரே இடத்தில் இருப்பதால் ஜிபிஎஸ் உள்ள டிடெக்டர் அதை நினைவில் வைத்து அடுத்த முறை அடக்கிவிடும். நகரும் காரை அப்படி அடக்க முடியாது. புதிய கார் ரேடார்கள் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டதால் அவை தொந்தரவு செய்வதில்லை. கே-ஏ பேண்டில் எச்சரிக்கை வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

எங்கே பொருத்துவது?

முன்கண்ணாடியின் மேல்பகுதியில், மட்டமாக, வைப்பரும் நிறப்பட்டையும் மறைக்காத இடத்தில். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் நுண்ணலை உள்ளே வராது. பின்காட்டிக் கண்ணாடியை ஒட்டிப் பூச்சில்லாத ஒரு சிறு கட்டம் விட்டிருப்பார்கள், அங்கே வையுங்கள்.

நான் டிடெக்டர் வைத்திருப்பது போலீஸுக்குத் தெரியுமா?

தெரியலாம். டிடெக்டருக்குள் ஓர் அலையியற்றி, அதாவது தானே அலை உண்டாக்கும் சுற்று, இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் அலை வெளியே கசியும். அந்தக் கசிவைத் தேடும் கருவிகள் உண்டு. முதலில் வந்தது 11.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கசிவைப் பிடித்தது. டிடெக்டர் செய்பவர்கள் அதிர்வெண்ணை மாற்றினார்கள், தேடும் கருவியும் மாறியது. விலை கூடிய மாடல்களில் கசிவு குறைவு.

அலுமினியத் தாள், தொங்கவிட்ட சிடி, நம்பர் பிளேட் ஸ்ப்ரே?

எதுவும் பலிக்காது. உலோகத் தாள் எதிரொலியைக் கூட்டவே செய்யும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் தனியார் கார்களில் பெரும்பாலும் அனுமதி, வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் தடை. மாநில எல்லை தாண்டும் வணிக வாகனங்களில் எங்குமே கூடாது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் தவிர ஏறக்குறைய எல்லா மாகாணங்களிலும் தடை. ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்துவது குற்றம், கைபேசிச் செயலியும் அதில் அடக்கம். பிரான்ஸிலும் ஸ்விட்சர்லாந்திலும் தடை. பிரிட்டனில் 1998-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு டிடெக்டர் வைத்திருப்பது குற்றமல்ல என்றது. அலையை அனுப்பி ரேடாரைக் குழப்பும் ஜாமர் வேறு சங்கதி. டிடெக்டரை அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே அது கூட்டாட்சிக் குற்றம்.

அபராதத்தை எதிர்க்க நினைத்தால் எதையெல்லாம் கேட்டுப் பெற வேண்டும்?

கருவியின் மாடலும் வரிசை எண்ணும், அன்றைய தேதியில் செல்லுபடியான ஆய்வகச் சான்று, பணி தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் செய்த சோதனைப் பதிவு, காவலரின் பயிற்சிச் சான்று, அவர் அப்போதே எழுதிய குறிப்பு, படம் இருந்தால் வெட்டாத முழுப்படம். முழுப்படம் ஏன் என்றால், வெட்டிய படத்தில் பக்கத்துத் தடத்தில் வந்த இன்னொரு வண்டி காணாமல் போயிருக்கலாம்.

பிழை வரம்பு எவ்வளவு கழிக்கப்பட்டது என்றும் பாருங்கள். ஜெர்மனியில் பொதுவாக 100 கிலோமீட்டர் வரை 3 கிலோமீட்டரும், அதற்கு மேல் 3 சதவீதமும் கழித்துவிட்டே வழக்குப் பதிகிறார்கள். வரம்பை 2 கிலோமீட்டர் மட்டும் தாண்டிய வழக்கில் இந்தக் கழிப்பு ஒன்றே போதும். 40 தாண்டிய வழக்கில் இதைப் பேசிப் பயனில்லை, அங்கே வண்டி மாறியதா என்பதைத்தான் தோண்ட வேண்டும்.

ஆவணங்கள் வந்ததும் முதலில் சான்றிதழில் உள்ள வரிசை எண்ணையும் அபராதச் சீட்டில் உள்ள வரிசை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள்.